கோயில்களுக்கு இயந்திர யானை: பீட்டாவின் பரப்புரை சரியா?

பொருநைக்கரையான்:
விலங்குரிமை அமைப்பான பீட்டா இந்தியா 2023 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு ஓர் இயந்திர யானையைக் காணிக்கையாகக் கொடுத்தது. இரும்புச் சட்டத்தின் மேல் ரப்பர் போர்த்தி, மோட்டார்களால் தலையும் காதும் அசையுமாறு செய்த அந்த உருவத்தின் எடை 800 கிலோ. அதன்பின் வேறு கோயில்களுக்கும் மடங்களுக்கும் இத்தகைய உருவங்கள் சென்றிருக்கின்றன. இதைச் சாதனையென்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கஜபூஜை உயிருள்ள யானைக்குச் செய்வது; மோட்டாருக்குச் செய்வதன்று. அதைவிட முக்கியமாக, ஓர் உருவத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதால், இன்று கட்டுத்தறியில் நிற்கும் எந்த யானையின் சங்கிலி கழன்றது? ஜல்லிக்கட்டிலும் மாடு வளர்ப்பவர்களிடம் பேசாமல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014இல் வந்த தடைக்குப் பின் என்ன நடந்தது என்பதை நாடறியும்.

நீலமலை:
ஐயா, அந்த உருவம் சும்மா கொடுக்கப்படுவதில்லை. இனி உயிருள்ள யானையைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை, வாடகைக்கும் எடுப்பதில்லை என்று கோயில் உறுதி கொடுத்த பிறகே அது தரப்படுகிறது. கேரளத்தில் யானைத் துயரத்தின் வேரே வாடகையில்தான் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் ஓர் ஊரில் எழுந்தருளிப்பை, அதாவது சாமி ஊர்வலத்தை, முடித்த கையோடு லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மறுபடியும் வெயில், செண்டை மேளம், வெடிச்சத்தம். இரு யானைகளுக்கு இடையே 3 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னதற்கே தேவஸ்வங்கள் எனப்படும் கோயில் நிர்வாகங்கள் உச்ச நீதிமன்றம் சென்று தடை பெற்றன. கேட்பவர் குறைந்தால்தான் வாடகை குறையும்.

நம் மாநிலத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரின் ஜெயமால்யதா, அசாமிலிருந்து வந்த யானை. 2021இல் தேக்கம்பட்டி முகாமில், புத்துணர்வு தருவதற்காகவே அரசு நடத்திய இடத்தில், அது அடிபடும் காணொளி வெளியானது. மறு ஆண்டு பீட்டா மீண்டும் காணொளிகளை வெளியிட்ட பிறகே அசாம் அரசு குழு அனுப்புமளவுக்கு விஷயம் பெரிதானது. வெளியிலிருந்து ஒருவர் கேள்வி கேட்காமல் இது நடந்திருக்குமா?

தஞ்சை மருத்துவர்:
நான் கால்நடை மருத்துவன். பீட்டாவின் எல்லா வழிமுறைகளையும் ஆதரிப்பவனல்லன். ஆயினும் கோயில் யானையின் பாதத்தை ஒருமுறை தூக்கிப் பாருங்கள் என்று பொருநைக்கரையான் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காட்டில் மண்ணிலும் புல்லிலும் நடந்து இயல்பாகத் தேய வேண்டிய உள்ளங்காலும் நகமும், சிமென்ட் தரையில் தன் சிறுநீர் ஈரத்திலேயே பல மணி நேரம் நிற்பதால் ஊறிப்போகின்றன. நகத்தில் வெடிப்பு விழுகிறது, வெடிப்பில் சீழ் கோக்கிறது. சுத்தம் செய்து மருந்து வைத்தாலும், மறுநாளும் அதே தரையில்தான் அது நின்றாக வேண்டும். கால் மாற்றி மாற்றி வைத்து ஓயாமல் தலையசைக்கும் யானையைப் பார்த்து, நாதஸ்வரத்துக்கு ஆடுகிறது என்று பக்தர்கள் மகிழ்கிறார்கள். அது நெடுங்காலம் ஓரிடத்தில் கட்டப்பட்ட விலங்கின் மன நோவு.

பொருநைக்கரையான்:
மருத்துவர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. தரையை மாற்றுங்கள், மண் போடுங்கள், குளம் வெட்டுங்கள், தினமும் நடத்திச் செல்லுங்கள். அதற்காகப் போராடுபவர்களோடு நானும் வருகிறேன். என் சினம் வேறிடத்தில் இருக்கிறது. 2024 நவம்பரில் திருச்செந்தூரில் தெய்வானை யானை தாக்கிப் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் யானையைப் புகலிடத்துக்கு அனுப்பு என்ற குரல் உடனே எழுகிறது. சோறு உருட்டிக் கொடுத்து, மேல் தேய்த்துக் குளிப்பாட்டி, யானைக் கொட்டாரத்திலேயே படுத்துறங்கும் பாகனின் கூலியைப் பற்றியும் அவர் பிள்ளைகளைப் பற்றியும் அந்தக் குரல் பேசுவதில்லை. யானையைப் பாகனிடமிருந்து பிரித்தால் நன்மை என்று எண்ணுபவர்கள், புதிய ஆளின் கையில் அது உண்ண மறுத்து நிற்பதைக் கண்டதில்லை.

நீலமலை:
பாகனைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் ஆபத்தான வேலையில் அவரை வைத்திருப்பதே யானையின் தனிமைச் சிறைதான். பெண் யானை தாய், சகோதரி, குட்டிகளோடு கூட்டமாய் வாழப் பிறந்தது. கோயிலில் அதற்குத் தன் இனத்தைச் சேர்ந்த ஒரு முகம்கூடக் கிடையாது. திருச்சிக்கு அருகே எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை நடத்தும் மறுவாழ்வு மையத்தில் யானைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க முடிகிறது. கோயில்கள் இனிப் புதிய யானைகளை வாங்கக் கூடாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளையும் 2023இல் சொல்லியிருக்கிறது. ஆனால் 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சமயம் சார்ந்த அல்லது வேறு நோக்கங்களுக்காகச் உரிமைச் சான்றிதழுள்ள யானையைக் கைமாற்ற வழி திறந்துவிட்டது. அந்த வழி திறந்திருக்கும்வரை, வாங்க மாட்டோம் என்று ஒரு கோயில் எழுதிக்கொடுப்பதற்கு மதிப்பு உண்டு.

பொருநைக்கரையான்:
புதிய யானை வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். இருக்கும் யானைகளை எம்.ஆர். பாளையத்துக்கு அனுப்புவதானால், பழகிய பாகனையும் அரசுச் சம்பளத்தில் அங்கேயே அமர்த்த வேண்டும். பீட்டா அந்தக் கோரிக்கையை முதல் வரியில் வைத்து மனு எழுதட்டும், நானும் கையெழுத்திடுகிறேன். மோட்டார் யானைக்கு மட்டும் என் ஆதரவு கிடையாது. யானை இல்லாவிட்டால் வெறும் வாசலாகவே இருக்கட்டும்.