சிறுவயது ஆர்வங்கள் படைப்பணியில் என்னவாயின?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஓய்வுபெற்ற என் தந்தையார், சிறுவயதில் தொடங்கிய அஞ்சல்தலைச் சேகரிப்பை மீண்டும் கையில் எடுத்திருக்கிறார். முன்னாள் படைவீரர்களே, உங்கள் ஆர்வங்களும் இப்படித் திரும்பி வந்தனவா?

மறுமொழி (செங்கோட்டை): வந்தன, தம்பி. அவர் வீட்டுக்கு எழுதிய பழைய கடித உறைகள் இருந்தால் அஞ்சல்தலைகளை வெட்டியெடுக்க வேண்டாம். முகாம் இருக்கும் இடம் வெளியே தெரியாதபடி கள அஞ்சலக (படையினருக்கான அஞ்சலகம்) முத்திரையில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக எண்ணே இருக்கும் என்பதால், முழு உறைக்குத்தான் சேகரிப்பாளரிடம் மதிப்பு. '56 ஏ.பி.ஓ.' என்ற படை அஞ்சல் முகவரியை என் தாயார் மை கசிய எழுதிய உறைகளை நான் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மறுமொழி (குப்பம்): சிறுவயதில் வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்த ஆர்வம், படையின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் செய்தி அனுப்பும் முறை) பழகியபின் வளர்ந்தது, ஓய்வுக்குப் பிறகு அரசுத் தேர்வெழுதி ஹாம் வானொலி (பொழுதுபோக்காக வானொலி வழியே பிறரோடு பேசுவது) உரிமம் பெற்றேன்.

கேட்டவர்: நன்றி ஐயா. தந்தையாரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.