சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் பயம் பிடிக்கிறது, ஜெபித்தால் இன்னும் கூடுகிறது: என்ன செய்யலாம்?

சிராங்கூன்_ஜெபக்குழு:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டு ஜெபக்குழுவுக்கு வரும் ஒரு தங்கைக்கு, ரயில் சுரங்கத்துக்குள் போனதும் நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, மூச்சு முட்டுகிறது. அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிடுகிறாள். வடகிழக்குப் பாதை முழுக்க நிலத்தடி என்பதால் இப்போது பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாள். மருத்துவர் பார்த்துவிட்டார், இதயத்தில் கோளாறு இல்லை. "ஜெபிக்கிற நேரத்தில்தான் பயம் கூடுகிறது. எனக்கு விசுவாசமே இல்லையா அக்கா?" என்று கேட்கிறாள். குழுவில் ஒருவர் வெளிப்படுத்தின விசேஷம் 21:8-ஐ எடுத்துக் காட்டிவிட்டார். அதிலிருந்து ஆராதனைக்கு வரவும் தயங்குகிறாள். அவளுக்கு என்ன சொல்லலாம்?

வேதபாட_ஆசிரியர்:
முதலில் அந்த வசனத்தைச் சரியாக வாசித்துவிடுவோம். அந்தப் பிள்ளையின் நெஞ்சில் பாறாங்கல்லாக உட்கார்ந்திருப்பது அதுதான். நம் பழைய மொழிபெயர்ப்பில் "பயப்படுகிறவர்களும், அவிசுவாசிகளும்" என்று இருப்பதால், படபடப்பு வருகிறவர்களுக்கெல்லாம் அக்கினிக் கடல் என்பதுபோல் காதில் விழுகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள 'டெய்லோஸ்' என்ற சொல் கோழைத்தனத்தைக் குறிப்பது. உபத்திரவத்துக்கு அஞ்சிக் கிறிஸ்துவை மறுதலிப்பதுதான் அங்கே பேச்சு. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் "கோழைகள்" என்றே இருக்கிறது. 2 தீமோத்தேயு 1:7-ல் "பயமுள்ள ஆவி" என்று வருவதும் அதே வேர்ச்சொல்தான். சிறைப்பட்ட பவுலைக் குறித்து வெட்கப்படாதே என்று அடுத்த வசனமே சொல்கிறது. நெஞ்சு படபடப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை.

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்ற 1 யோவான் 4:18-ஐயும் யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்: நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய பயம் அது.

அவளுக்குக் கொடுக்க வேண்டியது சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயமும் நம்பிக்கையும் ஒரே வரியில், ஒரே நாளில் நிற்கின்றன. காத் ஊரில் பெலிஸ்தர் பிடித்தபோது தாவீது பாடியது என்று தலைப்பு சொல்கிறது. அப்போது அவன் "மிகவும் பயப்பட்டான்" என்று 1 சாமுவேல் 21:12 ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. கெத்செமனேயில் நம் ஆண்டவரே திகிலடைந்தார் (மாற்கு 14:33). அவருக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்வார்கள்?

மனநலத்_தாதி:
ஆசிரியர் ஐயா சொன்னதற்குப் பிறகு எனக்கு வேலை எளிது.

ஜெபிக்கும்போது ஏன் கூடுகிறது என்றால், "ஆண்டவரே, இப்போதே எடுத்துப்போடும்" என்று கேட்டுவிட்டு, போய்விட்டதா என்று விநாடிக்கு விநாடி நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறாள். பார்க்கப் பார்க்க உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். ஜெபத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்: "பயம் இருக்கட்டும் ஆண்டவரே, நீர் என்னோடு இருக்கிறீர், நான் அடுத்த நிலையம் வரை போகிறேன்." கண்ணைத் திறந்தே ஜெபிக்கலாம்.

மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", 6 எண்ணும்வரை விடும்போது "உம்மை நம்புவேன்". வாயால் பெரிது பெரிதாக இழுக்க வேண்டாம். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போவது அதிகமாகும். இந்தப் பயம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கும். உச்சத்தில் இறங்கி ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும்.

ஆகவே படிப்படியாக. சனிக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரம். லிட்டில் இந்தியாவில் ஏறி ஃபேரர் பார்க்கில் இறங்குவது, ஒரே ஒரு நிறுத்தம். அதையே அன்று நாலைந்து முறை. ஏறுமுன்னும் இறங்கியபின்னும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு எழுதட்டும். அந்த எண் பாதியாகக் குறையும்வரை அதே நிறுத்தம். பிறகு பூன் கெங், அதன்பின் பொத்தோங் பாசிர். முதலில் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு அடுத்த பெட்டியில், பிறகு பிளாட்பாரத்தில் காத்திருங்கள். முன்கூட்டியே இறங்க நேர்ந்தால் மின்படி ஏறி வெளியே போக வேண்டாம். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, தணிந்ததும் அடுத்த ரயில்.

வெறும் வயிற்றில் கோப்பி ஓ குடித்துவிட்டு ஏற வேண்டாம். காப்பியே படபடப்பைக் கிளப்பும்.

ஒரு மாதம் செய்தும் அசையவில்லை என்றால் பலதுறை மருந்தகத்தில் சொல்லி, பரிந்துரைக் கடிதம் வாங்கி நிபுணரிடம் போகட்டும். மாத்திரை கொடுத்தால், விசுவாசத்தின் பேரில் யாரும் நிறுத்தச் சொல்லாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்று பேசினால் அன்றைக்கே 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

சிராங்கூன்_ஜெபக்குழு:
ரொம்ப நன்றி. குழுவில் அவளை நடுவில் உட்கார வைத்து, கை வைத்துச் சத்தமாக ஜெபிப்பது வழக்கம். அது சரியா?

வேதபாட_ஆசிரியர்:
அவளிடம் முதலில் கேளுங்கள். மூச்சு முட்டுகிறவளைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று சத்தம் போட்டால் அதுவே இன்னொரு சுரங்கம். தீர்க்கதரிசி எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவும் விட்டான் (1 இராஜாக்கள் 19:5-6). இருவர் போதும். மெல்லிய குரலில் ஐந்து நிமிடம். முடிந்ததும் "பயம் போய்விட்டதா?" என்று கேட்காமல், சனிக்கிழமை எத்தனை மணிக்கு லிட்டில் இந்தியாவில் சந்திப்பது என்று கேளுங்கள்.