ஸ்க்ரோல் சாவில் வெட்டு கோட்டை விட்டு விலகுகிறது: புதியவருக்கு வழி சொல்லுங்கள்

புதுக்கை எழுதியது:
வணக்கம். 16 அங்குல ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை அறுக்கும் மேசை இயந்திரம்) ஒன்றில், 6 மி.மீ. பிளைவுட்டிலும் முக்கால் அங்குலப் பலகையிலும் அறுத்துப் பழகி வருகிறேன். வளைவுகள் ஓரளவு வந்துவிடுகின்றன, நேர்கோடுதான் வசப்படவில்லை. எவ்வளவு நேராகத் தள்ளினாலும் வெட்டு வலப்பக்கமாகவே ஒதுங்குகிறது. பிளேடும் அடிக்கடி அறுந்துபோகிறது. பிளைவுட்டின் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பெயர்கிறது. குறை என் கையிலா, இயந்திரத்திலா?

மரத்தூள் எழுதியது:
இரண்டிலும் இல்லை. பிளேடின் இயல்பே அதுதான். பற்களை வெட்டியெடுக்கும்போது ஒரு பக்க விளிம்பில் மட்டும் மெல்லிய பிசிறு தங்கிவிடுவதால், அந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாக அறுக்கும். பெரும்பாலான பிளேடுகளில் அது வலப்பக்கமாக அமைந்துவிடுகிறது. ஆகவே பலகையை நேர் எதிராகத் தள்ளாமல், சில டிகிரி திருப்பிவைத்துத் தள்ள வேண்டும். எத்தனை டிகிரி என்பது பிளேடுக்குப் பிளேடு மாறும் என்பதால், புதிய பிளேடு மாட்டியதும் கழிவுத் துண்டு ஒன்றில் நேர்கோடு வரைந்து, எந்தச் சாய்வில் வெட்டு கோட்டிலேயே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். டேபிள் சாவில் (வட்ட ரம்பம் பொருத்திய மேசையில்) பழகியவர்கள், பலகையை ஒட்டி நகர்த்தப் பக்கச் சட்டம் ஒன்றை வைத்து அறுக்கப் பார்ப்பார்கள். இங்கே அது உதவாது.

பிளேடு அறுவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் தளர்ச்சிதான். மாட்டி இறுக்கிய பிறகு தந்தியை மீட்டுவது போல் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. இறுக்கம் சரியாக இருந்தும் அறுந்தால், நீங்கள் வேகமாகத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். பிளேடு பின்பக்கமாக வில்லாக வளைகிறதா என்று கவனித்தாலே இது தெரிந்துவிடும். மழுங்கிய பிளேடோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடின மரத்தில் ஒரு பிளேடு அரைமணி நேரம் உழைத்தாலே பெரிது.

இழைப்புளி எழுதியது:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் பிளேடின் எண்ணையும் (அதன் பருமனைக் குறிப்பது; எண் கூடினால் பிளேடும் பெரிது) கவனிக்க வேண்டும். முக்கால் அங்குலப் பலகைக்கு 5ஆம் எண் பொருந்தும், 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 2 அல்லது 3 போதும். இரண்டுக்கும் ஒரே பிளேடை வைத்துக்கொண்டிருந்தால், ஏதேனும் ஒன்றில் அவதிப்படத்தான் வேண்டும்.

அடிப்பக்கம் பெயர்வதற்கு, கீழ்முனையில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி அமைந்த தலைகீழ்ப் பல் பிளேடைப் பயன்படுத்துங்கள். மாட்டியபின் கையால் இயந்திரத்தைச் சுழற்றி, பிளேடு உச்சிக்கு வரும்போது அத்தகைய பற்களில் இரண்டு மூன்றாவது மேசைக்கு மேலே தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அவை மரத்தைத் தொடவே தொடா. மற்றப் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆயினும் தலைகீழாக மாட்டிவிட்டு, பலகை மேலே துள்ளுகிறதே என்று திகைப்பவர்கள் உண்டு.

கடின மரம் கருகினால், வரைபடத்தின் மேல் பார்சல் ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை ஒட்டி அறுங்கள். கருகல் வெகுவாகக் குறையும்.

புதுக்கை எழுதியது:
மிக்க நன்றி. சாய்வை மாற்றியதும் கோடு கட்டுக்குள் வந்துவிட்டது. இன்னொரு ஐயம்: உள்ளே துளைகள் நிறைந்த வடிவத்தில் எதை முதலில் அறுப்பது?

மரத்தூள் எழுதியது:
உள்வெட்டுகளை முதலில் முடியுங்கள். வெளிவரையைக் கடைசிக்கு வையுங்கள். சுற்றிலும் பலகை இருக்கும்வரை பிடித்துக்கொள்ள இடமும் வலுவும் இருக்கும். ஒவ்வோர் உள்வெட்டுக்கும் கழிவுப் பகுதியில் டிரில்லால் துளையிட்டு, அடிப்பக்கத்துப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அது மேசையின்மேல் தட்டி, பலகையைச் சீராக நகரவிடாது. துளைக்குள் பிளேடைக் கோக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. கூர்முனையான மூலைகளில் கழிவுப் பக்கமாகச் சற்றுப் பின்வாங்கி, பிளேடின் முதுகை அச்சாக வைத்துப் பலகையைச் சுழற்றுங்கள். பற்களின் பக்கம் அழுத்தினால் மூலை உருண்டுவிடும்.