சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் இருக்க, குவெர்செட்டின் கேப்சூல் தேவையா?

ஒத்தக்கடை: வீட்டில் 64 வயதுப் பெரியவர் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரினும் சாப்பிடுகிறார். காய், பழங்களில் இருக்கும் ஃபிளேவனாய்டு என்ற தாவரச் சத்து இதயத்துக்கு நல்லது என்று, அதில் ஒரு வகையான குவெர்செட்டினை 500 மி.கி. கேப்சூலாக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? சாப்பாட்டிலேயே கிடைக்குமென்றால் எப்படிச் சமைக்கணும்?

திருமங்கலம்: வார்ஃபாரின் சாப்பிடுகிறவருக்கு டாக்டரைக் கேட்காம அந்தக் கேப்சூலைக் கொடுக்காதீங்க. ரத்தத்தில் ஆல்புமின் புரதத்தில் வார்ஃபாரின் ஒட்டுற இடத்துலதான் குவெர்செட்டினும் ஒட்டும். வார்ஃபாரின் அங்கிருந்து இடம் பெயர்ந்து ரத்தத்தில் தனியா அதிகமானா, ரத்தக்கசிவு வரலாம்.

நெதர்லாந்தின் ஜுட்ஃபென் ஊரில் 805 முதியவர்களைக் கவனிச்ச ஆய்வு 1993-ல் வந்தது. டீ, வெங்காயம், ஆப்பிள் வழியா ஃபிளேவனாய்டு அதிகம் சேர்ந்தவங்களுக்கு இதய நோய் மரணம் குறைவு. ஆனா அது சாப்பாட்டைப் பார்த்த ஆய்வு, மாத்திரையை அல்ல. 2022-ல் வந்த காஸ்மாஸ் சோதனையில் 21,000-க்கு மேற்பட்டவங்களை வச்சு, தினம் 500 மி.கி. கோகோ ஃபிளேவனால் (இதுவும் ஒரு வகை ஃபிளேவனாய்டுதான்) கொடுத்துப் பார்த்தாங்க. மொத்த இதயப் பாதிப்புகள் உறுதியாச் சொல்லும்படி குறையலை. இதய மரணம் மட்டும் 27 சதவீதம் குறைஞ்சது. நம்பிக்கை தருது, ஆனா கேப்சூலுக்குப் பரிந்துரை எழுத இது போதாது.

மாட்டுத்தாவணி: சமையல் பக்கம் சொல்றேன். திண்டுக்கல் சின்ன வெங்காயத்தில் குவெர்செட்டின் வெளி அடுக்குலதான் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். காய்ஞ்ச தோலை மட்டும் எடுங்க. வழுக்குதுன்னு ரெண்டு சதை அடுக்கைச் சேர்த்து உரிச்சா நல்லதே போச்சு. உரிக்கச் சுலபமா இருக்க முழுசா பத்து நிமிஷம் ஊற வைங்க, நறுக்கினப்புறம் ஊற வைக்காதீங்க. சூட்டுக்கு இது அவ்வளவு சீக்கிரம் அழியாது, தண்ணில இறங்கிடும். அதனால சாம்பார், குழம்புல போட்டா ஒண்ணும் வீணில்லை. கருகவிடுறதுதான் தப்பு.

முருங்கைக்கீரையையும் வேகவச்சு வடிக்காதீங்க. கட்டுக்கு அரை டம்ளர் தண்ணி, நாலஞ்சு நிமிஷம், பாசிப்பருப்போட சேர்த்துக் கிண்டினா தண்ணி அதுலயே சுண்டிடும்.

திருமங்கலம்: ஒண்ணு விட்டுப்போச்சு. கீரையில வைட்டமின் கே இருக்கு, அது வார்ஃபாரினுக்கு எதிரா வேலை செய்யும். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் இல்லவே இல்லைன்னு போனா ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டும் சோதனை அளவு) ஏறி இறங்கும். வாரத்துக்கு ரெண்டு நாள்னா எப்பவும் ரெண்டு நாள், அதே அளவு. பம்பளிமாஸைத் தவிர்த்திடுங்க, அதுல இருக்கிற ஃபுரானோகூமரின்ங்கிற பொருள் அடோர்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏத்தும்.

ஒத்தக்கடை: நன்றி அண்ணே. மூலத்துக்குத் தரும் டயோஸ்மின் மாத்திரையும் இதே வகையா?

திருமங்கலம்: ஆமா, ஃபிளேவனாய்டு உண்மையிலேயே மருந்தான இடம் அது. 500 மி.கி. மாத்திரையில் டயோஸ்மின் 450, ஹெஸ்பெரிடின்ங்கிற இன்னொரு ஃபிளேவனாய்டு 50. மூலம் முற்றி வலிக்கும்போது வழக்கமான அளவு முதல் நாலு நாள் தினம் ஆறு மாத்திரை, அடுத்த மூணு நாள் தினம் நாலு. ஆனா வார்ஃபாரின் போறவருக்கு ரத்தம் வந்தா மூலம்தான்னு நீங்களே முடிவு கட்டாதீங்க; அன்னைக்கே ஐ.என்.ஆர். பாருங்க.