எம்.எஸ்.: திரும்பும்போது மட்டும் விழுகிறார், என்ன செய்யலாம்?

அக்காவுக்கு மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ். என்னும் நரம்பு நோய்), வயது 46. நேராக நடக்கையில் சமாளித்துவிடுகிறார், திரும்பும்போதுதான் விழுகிறார். மூன்று மாதமாக இப்படி. பெரும்பாலும் மாலையில், குளியலறை வாசலில், இடப்பக்கமாக.

இடது பாதம் தொங்குகிறது. பத்து நிமிடம் நடந்தால் விரல் நுனி தரையில் உரசும். பேசிக்கொண்டே திரும்பினால் நிச்சயம் தடுமாற்றம்.

புது ரிலாப்ஸ் (நோய் மீண்டும் தீவிரமாவது) இல்லை, சிறுநீர்த் தொற்றும் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார். உடல் சூடேறினால் நரம்புக் கடத்தல் தளரும் என்பதால் வெந்நீர்க் குளியலை நிறுத்தியாயிற்று. கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு உண்டு, மிதியடிகளை எடுத்துவிட்டோம். வலது கையில் ஊன்றுகோல்.

கார்பன் ஃபைபர் கணுக்கால் பிரேஸ் (ஏ.எஃப்.ஓ.) விரலைத் தூக்குகிறது, ஆனால் கணுக்காலை விறைப்பாக்கிவிடுவதால் திரும்புவது இன்னும் சிரமம். மருத்துவர் தசை இறுக்கத்தைக் குறைக்கும் பாக்லோஃபென் மருந்தின் அளவைக் கூட்டினார்; இறுக்கம் குறைந்தது, கூடவே முழங்காலும் மடியத் தொடங்கியது. அந்த இறுக்கத்தை நம்பித்தான் கால் நின்றிருக்கிறது போல! அவர் சொன்னபடி பழைய அளவுக்கே திரும்பிவிட்டோம்.

பிரேஸுக்குப் பதிலாக, பாதத்தைத் தூக்கும் மின்தூண்டல் கருவிக்கு (எஃப்.ஈ.எஸ்.) மாறியவர்களுக்குத் திரும்பும்போது விழுவது குறைந்ததா?