குரல்நாண் வாதமா, குரல்நாண் முடக்கமா?

தைராய்டு ஆபரேஷன்ல நரம்பு அடிபட்டு குரல்நாண் அசையாம போயிடறதுக்கு (vocal cord paralysis) தமிழ்ல என்ன சொல்லு வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம்ல, அதுக்கு அண்ணன் சொன்ன "குரல்நாண் வாதம்" வேண்டாம்ங்க, ஏன்னு சொல்றேன். சேலத்துல தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குற ஒப்புதல் படிவத்த தமிழ்ல எழுதறது என் வேலை, நானும் வாதம்னுதான் எழுதிட்டிருந்தேன். போன மாசம் ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்குப் போற ஒரு அம்மா, கழுத்துக்கட்டி நெஞ்சுக்குள்ள வரைக்கும் இறங்கிருச்சு, அந்த வரிய மக படிச்சுக் காட்டுனதும் பேனாவ கீழ வச்சுட்டு "கை கால் விழுந்துருமா சாமி"ன்னு கேட்டாங்க. நம்மூர்ல வாதம்னா பக்கவாதம்தானுங்களே. அதனால குரல்நாண் முடக்கம்னே வைக்கலாம், அசைவு கொறஞ்சு மட்டும் இருந்தா குரல்நாண் தளர்ச்சி. ரெண்டும் வேற வேற நிலை, அதனால ரெண்டு சொல்லு வேணும். எதுவா இருந்தாலும், நரம்பு அறுபடாம இழுபட்டுப் போனதுன்னா பெரும்பாலும் சில மாசத்துல, ஒரு வருஷத்துக்குள்ள சரியாயிரும்.

அடுத்தது, குரல்நாண அசைக்கற நரம்புக்கு (recurrent laryngeal nerve) அக்கா சொன்ன "மீள் குரல்வளை நரம்பு". இந்த நரம்பு, மூளைல இருந்து கழுத்து வழியா இறங்கற வேகஸ் நரம்புல இருந்து பிரிஞ்சு இடப்பக்கம் நெஞ்சுக்குள்ள பெருந்தமனி வளைவையும், வலப்பக்கம் காறையெலும்புக்குக் கீழ போற தமனியையும் சுத்திட்டு, மறுபடி மேல ஏறி தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டுனாப்புல குரல்வளைக்குப் போகுது. நம்ம ஏற்காடு பஸ்ஸு கொண்டை ஊசி வளைவுல திரும்பி ஏறுதில்லைங்களா, அதேதான். ஆனா திரும்ப வந்த புற்றுக்கும் "மீள்புற்று"ன்னுதான எழுதறோம்? ஒரே வரில ரெண்டு மீள் வந்தா படிக்கறவங்க குழம்பிருவாங்க, எனக்கு "திரும்பு குரல்வளை நரம்பு"தான் பிடிச்சிருக்கு.

இந்த நரம்பு அடிபடற வாய்ப்பக் கூட்டற விஷயங்களுக்கு (risk factor) "ஆபத்துக் காரணி"ய விட "இடர்க்காரணி" நல்லா இருக்கு. ரெண்டாவது தடவ கழுத்தத் திறக்கறது, ஏன்னா பழைய தழும்புக்குள்ள நரம்பு ஒட்டிக் கிடக்கும், அப்புறம் புற்று, நெஞ்சுக்குள்ள இறங்குன கட்டி, சுரப்பிய முழுசா எடுக்கறது, நரம்ப கண்ணால பாத்து அடையாளம் காணாம விட்டுடறது, எல்லாமே இதுல வரும்.

இன்னொண்ணு. ரெண்டு நாணும் முடங்குனா மூச்சே அடைச்சுக்கலாம், கழுத்துல மூச்சுக்குழாய்ல ஓட்டை போட வேண்டிகூட வரலாம். அதுக்கு "இருபக்க முடக்கம்"னு வச்சா அந்த அம்மா காதுல மறுபடி பக்கவாதம்தான் விழும். "இருநாண் முடக்கம்" சரியா வருங்களா?