உயர்மலைச் சதுப்புப் பள்ளத்தாக்கில் தாவரப் பதிவு: கட்டங்களை எங்கே போடுவது?

கேள்வி:
வணக்கம். 3,000 மீட்டருக்கு மேலே உள்ள ஒரு சதுப்புப் பள்ளத்தாக்கின் தாவரங்களை, தரையில் சிறு சதுரக் கட்டங்கள் குறித்து அவற்றுள் உள்ள செடிகளைப் பதிந்து, பட்டியலிட வேண்டும். நடுவில் ஓடை, இரு பக்கமும் கோரையும் பாசியும், ஓரத்தில் புல்மேடு. கட்டங்களை எங்கே போடுவது? ஈரக்காற்றில் மாதிரிகள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன வழி?

பதில் 1:
ஓடைக்கு இணையாக நடந்தால் ஒரே ஈர மட்டத்துச் செடிகள்தான் திரும்பத் திரும்ப வரும். புல்மேட்டிலிருந்து ஓடைவரை குறுக்காகக் கயிறு கட்டி, அதையொட்டி 1 × 1 மீட்டர் கட்டங்களைப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் ஆழம், பாசியின் பரப்பு, மேய்ச்சல் தடம் மூன்றையும் குறியுங்கள். எத்தனை கட்டம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு ஈர மண்டலத்திலும் புதிய இனம் வருவது ஏறக்குறைய நின்றபின் நிறுத்துங்கள். கயிற்றின் ஒரே பக்கமாக நடந்து, மறுபக்கத்தில் கட்டம் போடுங்கள். பாசி மெத்தை மிதிபட்டால் எளிதில் மீளாது.

பதில் 2:
பட்டியல் சறுக்குவது பெரும்பாலும் கோரையில்தான். காரெக்ஸ் என்ற கோரைப் பேரினத்தின் இனங்களைப் பூவை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். முதிர்ந்த காய் வேண்டும். 10 மடங்கு லென்ஸில் காயை மூடிய பையைப் பாருங்கள்: நுனி அலகுபோல் நீண்டிருக்கிறதா, இரண்டாகப் பிளந்திருக்கிறதா, சூல்முடி இரண்டா மூன்றா? அடித்தண்டின் உறை நிறமும் முக்கியம். அதனால் கத்தரிக்காமல் நிலத்தடித் தண்டோடு தோண்டி, மண்ணை அலசி, தாள்களுக்கு இடையே வைத்து அழுத்துங்கள். பூக்கும்போது ஒருமுறை, காய் முதிரும்போது ஒருமுறை போகாமல் முடியாது. ஓரிரு செடிகளே இருக்கும் இனத்தைப் பறிக்காமல் படம் மட்டும் எடுங்கள்.

பூஞ்சைக்குக் காரணம் அடைபட்ட ஈரம். தாள்களுக்கு இடையே நெளி அட்டை வைத்தால் காற்று ஓடும். முதல் சில நாட்கள் தினமும் தாள் மாற்றுங்கள். முடியாத முகாமில், செய்தித்தாளில் சுற்றிய கட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, 70% ஆல்கஹாலில் நனைத்துக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். ஆனால் பூ நிறம் போய்விடும், டிஎன்ஏவும் கெடும். நிறத்தை முன்பே எழுதி, ஓர் இலைத் துண்டைச் சிலிக்கா ஜெல்லில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. யூட்ரிகுலேரியா போன்ற நீர்ச்செடிகள் தண்ணீரைவிட்டு எடுத்ததும் சுருண்டுவிடுமே?

பதில் 3:
தட்டில் தண்ணீர் ஊற்றிச் செடியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித்தாளை நுழைத்து, கிளைகளைத் தூரிகையால் விரித்தபடி சாய்வாக மெதுவாகத் தூக்குங்கள். மேலே மெழுகுத்தாளை வைத்து அழுத்தினால் ஒட்டாது. பூவைத் தனியே 70% ஆல்கஹாலில் போடுங்கள். காய்ந்த பூவில் இதழ் வடிவம் தெரியாது. ஜிபிஎஸ் காட்டும் உயரத்தில் பிழை அதிகம், வரைபடத்தோடு ஒப்பிட்டே மாதிரியோடு வைக்கும் சீட்டில் எழுதுங்கள்.